பதினேழாம் குழியின் மணல்

இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறேன். சுவிசில், லுசேர்னுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது அது. எங்கள் சனத்திடம் இதைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான்: "ஓ, புல்லு வெட்டுற வேலையோ?" புல் வெட்டுகிற வேலையும்தான், ஐயா! ஆனால் அந்தப் புல்லை மூன்று மில்லிமீற்றரில் வைத்திருக்க வேண்டும். விடிய ஐந்து மணிக்கு முழங்காலில் குந்தியிருந்து, எந்த ஈரத்துக்கு எந்த நோய் வரும் என்று பார்க்க வேண்டும். மைதானத்தில் இருக்கும் மணல் பள்ளங்களுக்குப் பங்கர் என்று பெயர்; ஊரில் சண்டைக் காலத்தில் நாங்கள் பதுங்கிய குழிகளுக்கும் அதே பெயர்தான். ஒருமுறை கோயிலில் ஓர் அண்ணையிடம் "நான் பங்கர் பாக்கிறனான்" என்று சொன்னேன். "இஞ்சயும் ஷெல் அடிக்கிறாங்களோ?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றோடு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஜனவரியில் என் மேலாளர் உர்ஸ் ஒரு கடிதத்தோடு வந்தார். பிரித்தானியாவில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிற ஓப்பன் போட்டி இம்முறை ஸ்கொட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில். ஆட்டக்காரர்களின் பின்னால் நடந்துபோய், அவர்கள் கால்பட்ட பங்கர் மணலை ரேக்கால் இழுத்துச் சமப்படுத்த, பல நாட்டு மைதானங்களிலிருந்து வேலையாட்களைக் கூப்பிடுகிறார்கள். சுவிசிலிருந்து ஒரே ஒருவர். எனக்குத் தெரியாமலே உர்ஸ் என் பெயரை அனுப்பியிருந்தார்.

"நீதான், மதி. கடைசி நாள் ஆட்டமும் உனக்குத்தான்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

செயின்ட் ஆண்ட்ரூஸ் சும்மா இடமில்லை. நூற்றாண்டுக் கணக்காக அந்தக் கடற்கரையில் இந்த விளையாட்டு நடக்கிறது. எங்கள் மைதானத்தைப்போல மரமும் குளமும் அங்கே கிடையாது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக மணல் நிலம், இறுகிய புல், ஓயாத காற்று. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்கள்தான் பின்னாளில் பங்கர் ஆகின என்று சொல்வார்கள். பதினேழாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு பங்கர் இருக்கிறது. புல்தரையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய சுவர், ஆளை மறைக்கும். பெரிய பெரிய வீரர்கள் அதற்குள் நின்று அடித்து அடித்துக் கிண்ணத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். அந்த மணலை ஒரு தரம் நான் இழுத்துவிட வேண்டும். எனக்கு ஐம்பத்தைந்து வயது. அந்த மைதானத்துக்குப் போட்டி ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை என் முழங்கால் தாங்காது.

கடைசி நாள் ஜூலை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஆடி இரண்டாம் திகதி. அந்த ஆடிதான் என்னைக் கவிழ்த்தது.

என் தங்கை பிரபாலினியின் மகள் கிருசிகா ஐப்பசியில் பெரியபிள்ளை ஆனாள். தண்ணீர் வார்க்கிற சாமத்திய வீட்டைக் கோடை விடுமுறையில் வைக்கப்போகிறேன் என்று மாசி மாதம் தங்கை தொலைபேசியில் சொன்னாள். "நீங்கள்தான் தாய்மாமன், நீங்கள் இல்லாமல் ஏலாது, ஓமோ அண்ணை?" என்றாள். "ஓம், ஓம், வாறன்" என்றேன். திகதி கேட்கவில்லை. ஆடியில் எங்கள் சனம் ஒரு நல்ல காரியமும் செய்யாதே! எப்படியும் அதற்கு முன்னரே முடித்துவிடுவாள் என்று நானே தீர்மானித்துவிட்டேன். சுவிஸ்காரன் என்றால் நாட்காட்டியைப் பார்த்திருப்பான். நான் பஞ்சாங்கத்தை நம்பினேன்.

சித்திரையில் அழைப்பிதழ் போனுக்கு வந்தது. ஜூலை பதினெட்டு. உடனே தங்கைக்குப் போன் அடித்தேன்.

"பிரபா, ஆடியில ஆரும் சாமத்தியவீடு செய்வினமோ?"

"அதாலதான் அண்ணை மண்டபம் கிடைச்சது! மற்ற ஞாயிறெல்லாம் போன வருசமே போயிட்டுது. ஐயரும் நேரம் எழுதித் தந்திட்டார்."

"ஐயர் ஆடிக்கு நேரம் எழுதுறாரோ?"

"சுவிசில ஆடி பாக்கத் தேவையில்லையாம்."

"எனக்கு அண்டைக்கு வேலை கிடக்கு, பிள்ளை."

"வேலையெண்டா லீவு எடுங்கோ. புல்லு ஒரு நாள் கூட வளந்தா என்ன?"

அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டிருப்பாளோ மாட்டாளோ, சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருட எரிச்சல் விடவில்லை. இவளுக்குச் சொல்லி என்ன விளங்கப்போகிறது என்ற திமிரும்தான். "சரி" என்று போனை வைத்தேன்.

உர்ஸிடம் "குடும்ப விழா" என்றேன். "என்ன விழா? பிறந்தநாளோ?" என்று கேட்டார். மருமகள் வயதுக்கு வந்து ஒன்பது மாதம் கழித்து, அவள் தலையில் நான் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும் என்பதை அந்த மனுசனுக்கு எந்த ஜேர்மன் மொழியில் சொல்வது? "அப்படித்தான்" என்றேன். உர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கிழமை வேலையைத் தவிர வேறொன்றும் என்னோடு கதைக்கவில்லை. என் இடம் பாசல் பக்கத்து மைதானத்தில் மூன்று வருடம்கூட வேலை செய்யாத ஒருவனுக்குப் போனது.

அந்த ஞாயிறும் வந்தது. லுசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கே மண்டபத்தில் காலையில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தேன். வீடியோ எடுத்த கோபிசன், "மாமா, முகம் விழேல்ல, திருப்பி ஒருக்காத் தண்ணி வாருங்கோ" என்றான். மூன்று தரம் வார்த்தேன். கிருசிகா நடுங்கிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பல்லக்கு, மேடைப் புகை, ஐந்து தரம் சேலை மாற்றல். பின்னேரம் ஏழு மணிக்கும் படம் எடுக்கும் வரிசை முடியவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏறி இறங்க, தாய்மாமன் நான் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் காவல் நிற்கிறேன்.

கழுத்து மாலைக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு போட்டியைப் பார்த்தேன். பதினேழாம் குழி. முன்னணியில் நின்றவனின் பந்து அதே பங்கருக்குள் உருண்டு விழுந்தது. அவன் ஒரே அடியில் வெளியே எடுத்தான். பாசல்காரன் ரேக்கோடு உள்ளே குதித்தான். நடுவில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். சுவரோரத்தில் கால் அடையாளம் அப்படியே கிடக்கிறது!

"டேய், சுவரோரம்! சுவரோரத்தை விட்டிட்டாயடா!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீழே நின்ற பிரபாலினி கண்ணாலேயே என்னை வெட்டினாள்.

"மாமா, என்ன அது?" என்று கிருசிகா குனிந்து போனைப் பார்த்தாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. அடுத்த குடும்பம் மேடையில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடிதம், மணல், இனி வராத வாய்ப்பு, எல்லாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஒரு தரமும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப நீங்கள் இண்டைக்கு அங்க நிண்டிருக்க வேணும். அம்மாவுக்குச் சொல்லேல்லையோ?"

"வேலையெண்டு மட்டும் சொன்னனான்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மாமா, எனக்கும் இது வேண்டாம். அழுது சொன்னனான். வகுப்புப் பிள்ளையள் படத்தைப் பாத்தா நான் என்னெண்டு பள்ளிக்கூடம் போறது? அம்மாவும் முதல்ல சரியெண்டு விட்டுட்டா. பிறகு வந்து சொன்னா, மாமாவுக்குப் பெரிய ஆசையாம், கேட்ட உடனே ஓமெண்டிட்டாராம், இனி நிப்பாட்டினா மாமா உடைஞ்சு போயிடுவாராம். அதாலதான் நான் சம்மதிச்சனான். உங்களுக்காக."

எனக்காகவா? நான் எப்போது ஆசைப்பட்டேன்? வாய்வரை வந்தது. கீழே போய்த் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, இருநூறு பேருக்கு முன்னால் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் இந்தப் பிள்ளை என்னை நினைத்துத்தான் காலையில் மூன்று தரம் குளிர்ந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது போய் நான் அவளிடம் என்னவென்று சொல்ல?

"உங்களுக்குச் சந்தோசமோ, மாமா?" என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை" என்றேன்.