சுஜிதாவைப் பாராட்டியவர்கள்

சுஜிதாவின் பியானோ வாசிப்பை யாராவது பாராட்டினால் அவள் உடம்பில் எலும்பு முறியும். போர்ட் பிளேரில் இது ஊருக்கே தெரிந்த விஷயம். 'பரவாயில்லை' என்றால் சுளுக்கோடு போகும், 'நன்றாக இருந்தது' என்றால் விரல், 'அற்புதம்' என்றால் முழங்கை. பெரிய மேதை யாரோடாவது ஒப்பிட்டுவிட்டால் இரண்டு மூன்று சேர்ந்தே போகும். சின்ன வயதில் பங்குக் கோயிலில் அவள் முதன்முதலாக வாசித்த அன்று சாமியார் அவள் தலையைத் தடவி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். கழுத்தெலும்பு சடக்கென்று முறிந்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. சென்னைக்குப் பரீட்சைக்குப் போனவள் டிஸ்டிங்ஷன் வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கப்பலேறித் திரும்பினாள். அப்படி என்னதான் வாசிப்பாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கும் பொறுப்பு இருக்கிறது.

வழி கண்டுபிடித்தவள் அவள் அம்மா ரோசலின். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையை நாலு பேர் முன்னால் 'கறுப்பி, நோஞ்சான்' என்று சொல்லிவைப்பது நம் தாய்மார்களின் வழக்கம்தானே, கண் பட்டுவிடக் கூடாதென்று. அடுத்த கச்சேரியில் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் ரோசலின் எழுந்து நின்று, இதெல்லாம் ஒரு வாசிப்பா, மாவு மில்லே தேவலை என்று கத்தினாள். சுஜிதாவுக்கு ஒரு எலும்பும் போகவில்லை. அதற்கடுத்த கச்சேரியில் ஊரே திட்டியது. பெங்காலிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் தீவு இந்தியில் பக்வாஸ் என்றார்கள், பேகார் என்றார்கள். ஜங்லிகாட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் அவள் அப்பா வேதநாயகம் முதல் வரிசையில் உட்கார்ந்து தகர டப்பா என்பார். பிறகு ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீடு வரை சூரை மீன் விலையையே பேசிக்கொண்டு வருவார். பாவம், மனுஷனுக்குச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்தது. ஊர் அதோடு சும்மா இருக்குமா? திட்டு வளர்ந்தது. செருப்பு பறந்தது, நாற்காலிகள் உடைந்தன, யார் நன்றாகத் திட்டியது என்பதில் மண்டைகளும் உடைந்தன. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் விவரம் தெரியாமல் கைதட்டிய கிளார்க் ராஜமாணிக்கத்துக்கு முன்பற்கள் போயின. பிறகு அவர்தான் கச்சேரிக்குக் கச்சேரி முதல் செருப்பை எறிகிறவர்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு மாசி மாதம் முருகானந்தம் வந்தார். சென்னையில் அவர் விமர்சனத்துக்குப் பயப்படாத வித்வான் கிடையாது. வேதநாயகம் ஹோட்டலுக்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று விஷயத்தைச் சொன்னார். எவனுக்காகவும் ஒரு வரி பொய் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார் முருகானந்தம். கச்சேரியன்று செருப்பு மழைக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை விமர்சனம் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. சுஜிதா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதல் பத்தியில் வலது கை போனது, இரண்டாம் பத்தியில் இடது கை, மூன்றாவதில் இடுப்பு. அரிசி அடுக்களை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

அவளை ரோசலினோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வேதநாயகம் இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். முருகானந்தம் சாத்தம் கப்பல்துறையை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். ஊர் முந்திக்கொண்டுவிட்டது. அங்கே அடுக்கியிருந்த படாக் மரக்கட்டைகளால் அடித்தார்கள். மூக்கு உடைந்ததும் அவர் அவளுடைய இடது கையின் நிதானத்தைப் புகழ்ந்தார். தாடையில் விழுந்ததும் அவள் மௌனங்களைப் புகழ்ந்தார். பிடிவாதக்காரர், அடிக்க அடிக்க நயம் கூடியது. வேதநாயகம் அங்கே போய்ச் சேர்ந்து ஸ்பேனரை ஓங்கிய நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ரோசலின் போன் செய்து, இப்போது முட்டி போனது, இப்போது கணுக்கால் என்று அழுதாள். வேதநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. ஓங்கிய ஸ்பேனரைத் தன் ஊர்க்காரர்கள் மேலேயே வீசினார். ராஜமாணிக்கத்தின் தோள்பட்டை இறங்கியது, இன்னொருவன் கடலில் விழுந்தான். கூட்டம் விலகியதும் அவர் முருகானந்தத்தின் மேல் குனிந்து கிரீஸ் கையால் வாயைப் பொத்தினார்.

"நீங்க எழுதுனது பொய்யில்ல சார். அதான் சார் சங்கடமே."

முருகானந்தமும் ஸ்ட்ரெச்சரில்தான் கப்பலேறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி கழுத்துவரை மாவுக்கட்டு போட்டுவிட்டு, முறிய இனி அதிகம் மிச்சமில்லை என்றார். சுஜிதா அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். யாரோ ஒருத்தர், அடி வாங்கி வாங்கியும் அதைச் சொன்னாராமே என்றாள். ஒரு தடவை நீங்கள் சொல்லுங்கள் என்றாள். வேதநாயகம் முடியவே முடியாது என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார், சூரை மீன் விலையைப் பற்றிப் பேசினார்.

"எலும்பு ஒட்டிக்கிடும்பா. நீங்க சொல்லாம இருக்கதுதான் ஒட்டவே மாட்டேங்கு."

வேதநாயகம் எழுந்து கதவைச் சாத்தினார். அவள் தலையில் கை வைத்தார்.

"நல்லா வாசிச்ச, மவளே."

இடது பக்க விலா எலும்பு ஒன்று, இதயத்தை ஒட்டினாற்போல் இருப்பது, மெதுவாக முறிந்தது. வலியில் அவள் கடித்த உதட்டில் ரத்தம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

மற்ற எலும்புகளெல்லாம் ஆடிக்குள் கூடிவிட்டன. அந்த விலா எலும்பை மட்டும் சேர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள், டாக்டரும் விட்டுவிட்டார். மழைக்காலத்தில் அது வலிக்கும். வலிக்கிற நாளில் அவள் எப்படி வாசிப்பாள் என்பதை எழுத வழியில்லை. அன்றைக்கு ராஜமாணிக்கம் இரண்டு செருப்பையும் எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து போவார்.