குலுக்கலில் விழுந்த சாவு

கார்டிங்கா பே ஊரில் மதிப்போடு வாழ வேண்டுமென்றால் ஒரு முறையாவது செத்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கே எடுத்த 'சிங்கி மனிதன்' படத்தில் ராட்சதச் சிங்கி இறாலிடம் மாட்டி, நடிக்கப் போன ஊர்க்காரர்கள் பதினொரு பேர் செத்தார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் இன்றுவரை கால் தரையில் பாவவில்லை. தலை துண்டான தபால்காரி மாவிஸோடு படம் பிடித்துக்கொள்ளக் கோடையில் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸ் அந்தப் படத்தில் தப்பித்துப் போனவள். தப்பித்தவளை எவன் சீண்டுகிறான்?

அதனால் இரண்டாம் பாகம் எடுக்க இயக்குநர் ரோவன் வந்து இறங்கியதும் ஊரே சாகத் துடித்தது. கையிலிருந்த காசுக்கு ஐந்து சாவுதான் கட்டுபடியாகும் என்றான். அடிதடி வேண்டாமென்று, புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பில், வெள்ளிக்கிழமைதோறும் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடக்கும் சீட்டுக் குலுக்கலோடு சாவையும் சேர்த்துக் குலுக்கினார்கள். மூன்று வாரம் வெறும் ஆட்டுத்தொடையோடு வீடு திரும்பிய கிளெனிஸுக்கு நாலாவது வாரம் கடைசிச் சாவு விழுந்தது. கடலில், பட்டப்பகலில், படம் முடிகிற இடத்தில். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான மனுஷி அந்தக் கரையிலேயே இல்லை.

படப்பிடிப்பில்தான் வினை வந்தது. கரையில் பயந்து நிற்க வேண்டிய கூட்டம் மொத்தமும் உயிர்காப்புச் சங்கத்து ஆட்கள். தண்ணீரில் ஒரு கை தூக்கினால் ஓடு என்று சின்ன வயதிலேயே பழகியவர்கள். கிளெனிஸ் அலறிக் கையைத் தூக்கியதுதான் தாமதம், ஆறு பேர் மிதவையோடு பாய்ந்து அவளைத் தூக்கி வந்து மணலில் போட்டார்கள்.

"நான் சாகணும்டா! விடுங்கடா!"

"கோவிச்சுக்காதே கிளெனிஸ், காலு தன்னால ஓடுது" என்றான் சங்கத் தலைவன் கெவ்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை மாவிஸும் ஓடி வந்துவிட்டாள்.

"நீ எங்கடி வந்தே? நீ போன படத்துலயே செத்தவ!"

"பாத்துக்கிட்டு நிக்க முடியலையே!"

வெயில் இறங்கத் தொடங்கியது. ரோவன் எல்லோரையும் மணலில் உட்காரவைத்துக் கால்களை வலைக்கயிற்றால் ஒன்றோடொன்று கட்டினான். "இது கடைசி. எவனாவது எழுந்தா படமே இல்லை."

நாலாவது தடவை ஒருவரும் அசையவில்லை. சிங்கி வேஷத்தில் இருந்த குழாய் ரிப்பேர்க்காரன் டாரில் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து அவள் தோளைக் கவ்வினான். அவள் கூச்சலில் கடற்காக்கைகள் பறந்தன. சாவு அருமையாக வந்துகொண்டிருந்தது.

திடீரென்று பிடி தளர்ந்தது. சோபா மெத்தையை வெட்டித் தைத்த வேஷம், மூன்று தடவை நனைந்ததில் கல்லாய்க் கனத்திருந்தது. டாரிலின் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. ஒற்றைக் கொடுக்கு மட்டும் மேலே தூக்கி ஆடியது.

கரையில் கைதட்டல். "அடடா, டாரில்! நடிப்புன்னா இதுதாண்டா!" ஒரு கால்கூட எழப் பார்க்கவில்லை. அரக்கனைக் காப்பாற்ற அந்தச் சங்கத்தில் யாரும் பயிற்சி எடுக்கவில்லையே.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசாமல் முங்கினால் போதும், சாவு அவளுடையது. மூன்று நொடி யோசித்தாள். அதை நினைத்து அவளுக்கு இன்றைக்கும் வெட்கம். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கொடுக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

டாரில் ரப்பர் வாய் வழியாகக் கடலைக் கக்கினான். ரோவன் துள்ளிக் குதித்தான். "அரக்கனையே காப்பாத்திட்டீங்க! இதாங்க முடிவு!"

"அப்ப என் சாவு?"

"சாவா? நீங்க கதாநாயகி. மூணாம் பாகம், நாலாம் பாகம், எதுலயும் உங்களைச் சாக விடமாட்டேன்."

மாவிஸ் அவள் முதுகைத் தடவினாள். "விடு, எல்லாத்துக்கும் குடுத்து வச்சிருக்கணும்."

கிளெனிஸ் வாய்விட்டு அழுதாள். டாரில் சிங்கித் தலையைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உசுரைக் குடுத்திருக்கே கிளெனிஸ். உனக்கு என்ன வேணும், கேளு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள்.

"தலையை மாட்டு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு."