மனுதாரர் செந்தமிழ்ச்செல்வி

இப்போதெல்லாம் யார் வாயையும் யாரும் நம்புவதில்லை. எதிரே நின்று பேசுகிறவனிடமே உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். செத்தவன் வீட்டில் பாடை கட்டுவதற்கு முன்னால் ஆதார் அட்டையைத் தேடுகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்ததை ஊரே பார்த்திருந்தாலும் அதற்கும் ஒரு காகிதம் வேண்டுமாம்.

என் மகன் வெங்கடேசனும் செந்தமிழ்ச்செல்வியும் பிரிந்து நாலு வருஷமாகிறது. குழந்தை இல்லை. அவள் போட்ட வழக்கில் போன மாசி மாதம் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் விவாகரத்து கொடுத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. சொன்ன தீர்ப்பைக் கோர்ட்டு முத்திரையோடு நகலாக வாங்க, தனியாக இன்னொரு மனுப் போட வேண்டுமாம்.

அவளுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. கல்வராயன் மலையடிவாரத்தில் அவள் அம்மா ஊர். அங்கே அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலி. புருஷனை இழந்தவள், கைவிடப்பட்டவள், விவாகரத்து ஆனவள் என்றால் முன்னுரிமை உண்டு. ஆனால் எதுவானாலும் காகிதம் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தபோது நானே ஒரு வழி சொன்னேன். கைவிடப்பட்டவள் என்று தாலுகா ஆபீசில் ஒரு சான்று வாங்கிக்கொள், வி.ஏ.ஓ. எனக்குத் தெரிந்தவர், கோர்ட்டு வாசலில் காய வேண்டாம் என்றேன்.

"உங்க புள்ள என்னக் கைவுடல மாமா. நான்தான் அவர வுட்டுட்டு வந்தேன். நடக்காதத எப்படி எழுதி வாங்கறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைப் பற்றி என் முகத்துக்கு நேரே சொல்கிறாள், அதிலும் மாமா என்று மரியாதையோடு. பஸ் வந்ததும் ஏறி வந்துவிட்டேன். திருப்பூரில் இருக்கிற வெங்கடேசனிடம் இதைப் போனில் சொன்னேன். அவன் வேறு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அவ அந்தக் காகிதத்த வாங்கறது வேலைக்கில்லப்பா, நெலத்துக்கு. உள்ள ஒன் பேரு வேற கீதாம். நீ போயி இன்னா எழுதிக்கீதுன்னு பாரு."

எனக்கு இருப்பது கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஒரு ஏக்கர் கரும்பு. அது போனால் நானும் போனேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனேன்.

எனக்கு முன்பே அவள் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். நகல் கொடுக்கிற இடத்துக்கு வெளியே ஒரு அறிவிப்புப் பலகை. மனு நம்பர் அதில் ஏறும். ஏறினதும் குறித்த நாளுக்குள் நகலுக்கான ஸ்டாம்பு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். வக்கீல் குமாஸ்தா நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு, தினமும் டவுன் பஸ் ஏறி வந்து பலகையைத் தானே படித்திருக்கிறாள். கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர்தான் சொன்னார். என்னைப் போலவே அவளும் யாரையும் நம்புகிறவள் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு மேல்தான் நகல் அவள் கைக்கு வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பின்னால் வரிசை நிற்க, அவள் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். திரும்பியபோது என்னைப் பார்த்தாள்.

"வாங்க மாமா. சாப்டீங்களா?"

"சாப்பாடு கெடக்கட்டும். நெலத்தப் பத்தி இன்னா எழுதிக்கீது?"

"ஒண்ணும் இல்ல. படிச்சிக் காட்டட்டுமா?"

"நீ படிச்சா ஒனக்குத் தோதாத்தான் படிப்ப."

அவள் கோபப்படவில்லை. செல்போனில் மணி பார்த்தாள். பிறகு அந்தக் காகிதக் கட்டை என் கையில் கொடுத்தாள்.

"யார்கிட்ட வேணா குடுத்துப் படிச்சிக்குங்க மாமா. நாலரைக்குள்ள எனக்கு வேணும். இது ஒண்ணுதான் கீது."

யாரையும் நம்பாதவள், நாலு மாதமாக அலைந்து வாங்கியதை, வெங்கடேசனின் அப்பன் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். கூட வரவும் இல்லை.

தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதுகிற நாராயணசாமி எனக்குப் பழக்கம். என் பட்டாவுக்கு எழுதினவர். அவரிடம் கொடுத்து, ஒரு வரி விடாமல் படி என்றேன். மனுதாரர் செந்தமிழ்ச்செல்வி, எதிர்மனுதாரர் வெங்கடேசன் என்று ஆரம்பித்தார். எட்டுப் பக்கம் போயிற்று. நிலம் என்கிற சொல்லே வரவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன் பேரு வருதுபா. படிக்கட்டுமா?"

"படி."

கை முறிந்த அன்று மாமனார் வீரமுத்துதான் தன்னை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் என்றும், மருத்துவரிடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னவரும் அவரே என்றும், அவர் ஒருநாளும் தன்மேல் கை வைத்ததில்லை என்றும் மனுதாரர் சாட்சியம் அளித்துள்ளார். இதுதான் அந்த வரி.

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றினார். "நெசமா?"

"மூணும் நெசம்" என்றேன்.

திருக்கோவிலூர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. மாமனார், மாமியார், சின்ன வயசு நாத்தனார் வரை இழுத்துவிட்டார்கள். இவள் நினைத்திருந்தால் என்னையும் சேர்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை விட்டுவிட்டு, பொய் சொன்னதை மட்டும் சொல்லியிருக்கலாம். பெரியவனாயிற்றே என்று பொய்யை மறைத்தும் இருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர்களை எழுபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

போன் அடித்தது. வெங்கடேசன். காகிதம் என் கையில் இருக்கிறது என்றதும் அவன் குரலே மாறிவிட்டது.

"அப்ப குடுக்காதப்பா. பஸ்ஸு ஏறி வூட்டுக்குப் போயிடு. திங்கக்கெழம பாத்துக்கலாம்."

மணி நாலேகால். திங்கட்கிழமை கொடுத்தால் அவளுக்கு அது அடுப்புக்குத்தான் ஆகும். அது அவனுக்கும் தெரியும்.

"இதுல நெலம் இல்லடா. நீதான் கீற" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவள் அதே மரத்தடியில் நின்றிருந்தாள். காகிதக் கட்டைக் கொடுத்தேன். என் எதிரிலேயே பக்கங்களை எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எவளாவது எண்ணியிருந்தால் கத்தியிருப்பேன்.

"அந்த ஆஸ்பத்திரி விசயம்..." என்று ஆரம்பித்தேன்.

"நடந்ததத்தான மாமா சொன்னேன்" என்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு அங்கன்வாடி மனு வாங்குகிற ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். என்னால் அந்த வேகத்துக்கு முடியாது. நான் போய்ச் சேர்வதற்குள் வெளியே வந்துவிட்டாள். கையில் ஒப்புகைச் சீட்டு.

"வேலை குடுத்துடுவானுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல மாமா. இனிமேதான் கூப்ட்டுப் பேசுவாங்க."

இவ்வளவுக்கும் பிறகு தெரியவில்லையாம். இப்படிப்பட்டவளை நேரில் பார்த்தும், இவள் எப்படிப்பட்டவள் என்று பதினொரு பக்கத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்கள். அதில் கையை ஒடித்தது இருக்கிறது. மரத்தடியில் நின்றது இல்லை.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கட்டுமா? வூட்ல வச்சிக்குங்க. நாளைக்கி யாராவது எதனா சொன்னா காட்டலாம்" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா அது" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.