துவைக்கக் கூடாத துணி

மனைவியின் தம்பி நாய்க்குட்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது, அது ஒரு கந்தல் போர்வைத் துண்டுக்குள் சுருண்டிருந்தது. சலவைக்கடைக்காரர் குட்டியைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார். அழுக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மச்சினன் வண்டியைத் திருப்புவதற்குள் துண்டு சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டது. மாலையில் அதற்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கூடையில் வைத்தார்.

குட்டி அதில் படுக்கவில்லை. பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடிந்தும் அழுகை ஓயவில்லை.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். "நாய் வளக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா என் தலை வெடிக்குது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள அடங்கலன்னா, வந்த இடத்துக்கே அனுப்பிடுங்க."

மனைவிக்கு முகம் செத்துப்போனது. நாய் வேண்டுமென்று கல்யாணமான நாளிலிருந்து அவள் நச்சரித்து, இப்போதுதான் அவர் சம்மதித்திருந்தார். தம்பிக்குப் போன் போட்டாள்.

"துண்டைப் பக்கத்துல போட்டீங்களாக்கா? அதுலதான் தாயோட வாசனை இருக்கு."

"போட்டோமே. உங்க மாமா கஞ்சி போட்டுல்ல போட்டாரு."

மறுமுனையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "தாயை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இனி உங்க வாசனைதான் பழகணும். போட்டுக் கழட்டின துணி ஏதாவது கொடு."

அந்த வீட்டில் அதற்குத்தான் பஞ்சம். கழற்றிய துணி தரையைத் தொடுமுன் சோப்புத் தொட்டிக்குப் போய்விடும்.

இஸ்திரி மேசையருகே நின்றிருந்தவரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"ஊருக்கே வெளுத்துக் கொடுக்கிற மகராசன் சட்டை" என்றாள் மனைவி. "நாத்தம் தாங்காம ஓடாம இருந்தாச் சரி."

குட்டி முகர்ந்தது. மூக்கால் நெம்பிச் சட்டைக் கைக்குள் புகுந்து பார்த்தது. பிறகு சுற்றிச் சுற்றி வந்து, அக்குள் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தது. மதியம் எழுந்து பாலைக் குடித்துவிட்டு மறுபடியும் அங்கேயே போய்ச் சுருண்டது.

பொழுது சாய வீட்டுக்காரம்மா வந்தார். "அனுப்பிட்டீங்களா? சத்தத்தையே காணோம்."

மனைவி உதட்டில் விரல் வைத்துக் கூடையைக் காட்டினாள். அந்தம்மா எட்டிப் பார்த்தார். "தூங்குதா" என்று தானும் குரலைத் தாழ்த்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.

பனியனோடு நின்றிருந்தவர் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்கு உன் புடவை ஒண்ணைத் துவைக்காம வை. என்னை மட்டுமே தெரிஞ்சா எப்படி? நீயும் இந்த வீடுதானே."