வாய் திறக்காத பஸ்

செம்பியன் ஓட்டும் பஸ் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், கடலூர் ஆபீஸ் திரையில் தெரியும் அத்தனை பஸ்ஸும் நின்றுவிடும். வடலூர் வண்டி பாதி வழியில் உறைந்து கிடக்கும். திருவந்திபுரம் வண்டி ஆற்றுப் பாலத்திலேயே குடியிருக்கும். செம்பியன் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பியதும் எல்லாம் ஒரே தாவலில் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கோ நிற்கிற ஒரு வண்டி மற்ற வண்டிகளை எப்படி நிறுத்தும்? ஷாசியாவுக்குப் பிடிபடவேயில்லை.

அந்தத் திரையை ஓட்டும் சர்வர் புரோகிராமை எழுதியவளே அவள்தான். பொன்னுரங்கம் முதலாளியின் பஸ் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஓடும்போது அது அவ்வப்போது கடலூர் ஆபீஸ் சர்வரோடு இணைந்து, தான் இருக்கும் இடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொள்ளும். சர்வர் அதைத் திரையில் காட்டும். உறைந்த நேரங்களில் பஸ் கருவிகளின் பதிவைப் பார்த்தால் எல்லாமே 'இணைந்துவிட்டேன்' என்கின்றன. சர்வரோ யாருமே வரவில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மேனேஜர் ராஜவேலுக்கு முதலிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேர் மேல்தான் கண். சாயங்காலம் முதலாளி வருகிறார், அப்போதும் திரை உறைந்தால் அவளுடைய புரோகிராமைக் கழற்றிவிடுவதாக ராஜவேல் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கினே எத்தினி நாளைக்கும்மா ஓட்டறது?" என்றார்.

சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சற்று நேரம் ஓடும்தான். அதைத் தீர்வு என்று ஒத்துக்கொள்ள ஷாசியா தயாராக இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செம்பியன் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

சிதம்பரத்தில் பஸ் கூரைக்கு அடியில் நின்றது. செம்பியன் எஞ்சினை அணைத்தார். அடுத்து சாவியைப் பாதி திருப்பிப் பாட்டுப் போட்டார். தனியார் பஸ்ஸுக்குப் பாட்டுதான் பாதி கண்டக்டர். எந்த வண்டியில் பாட்டு நன்றாக இருக்கிறதோ அதில்தான் கூட்டம் ஏறும். பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில், லேப்டாப்பில் திறந்திருந்த அதே திரையில் வடலூர் வண்டி நின்றது.

"அண்ணே, சாவிய ஆஃப் பண்ணுங்க."

பாட்டு நின்றது. வடலூர் வண்டி நகர்ந்தது. மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னாள். பாட்டு வந்தது, வடலூர் வண்டி நின்றது.

இப்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சாவியைத் திருப்பியதும் கருவி விழித்து, முதல் வேலையாகச் சர்வரோடு இணைந்துகொள்கிறது. அப்புறம்தான் தன் இடத்தைத் தேடுகிறது. கூரைக்கு அடியில் வானம் தெரியாததால் இடம் கிடைப்பதில்லை. அதனால் சாவியை அணைக்கும்வரையோ வண்டி வெளியே வரும்வரையோ இணைப்பைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறது. அவள் எழுதிய சர்வரும் அதன் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஹோட்டல் வாசலில் "வாங்க, வாங்க" என்று அழைக்க வேண்டிய ஆள், உள்ளே வந்த முதல் ஆளின் மேஜை அருகிலேயே நின்று, அவர் ஆர்டர் சொல்லும்வரை நகரமாட்டேன் என்றால் என்ன ஆகும்? வாசலில் வரிசை நீளும். வரிசையில் நிற்பவர்களை ஆபரேட்டிங் சிஸ்டம் தானே உட்கார வைத்து 'இணைந்தாயிற்று' என்று சொல்லிவிடுகிறது. ஆக, யாருமே பொய் சொல்லவில்லை.

ராஜவேலுக்குப் போன் செய்து சொன்னாள். அவருக்கு உடனே வழி கிடைத்துவிட்டது: பாட்டை நிறுத்து. ஸ்பீக்கரில் அதைக் கேட்ட செம்பியன் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"பாட்ட நிறுத்தினா பின்னாடி வண்டிக்காரன் ஆள அள்ளிக்கினு பூடுவான் சார். அப்புறம் காலி சீட்டத்தான் உங்க டிவியில காட்டணும்."

ராஜவேல் இது உத்தரவு என்றார்.

"நிறுத்த வேணாம் சார்," என்றாள் ஷாசியா. "பஸ்ஸுன்னா பாட்டு போடும், கூரைக்குக் கீழ நிக்கும். அதுக்கு ஏத்த மாதிரி சர்வர்தான் மாறணும். என் புரோகிராமுக்காக ஊரு வாய மூடிக்க முடியாது."

"அப்ப சாயங்காலம் கழட்டிர வேண்டியதுதான்."

"கழட்டுங்க. முதலாளி பாத்த பொறவு."

போனை வைத்துவிட்டுச் செம்பியனைக் கேட்டாள்: முதலாளி பார்க்கும் நேரத்தில் இதே இடத்தில், இதே மாதிரி நிற்பாரா?

"அந்த ட்ரிப்பு எனக்கு இங்கதான். பாட்டு வெக்கணுமா?"

"சத்தமா வெயுங்க."

"என்ன தங்கச்சி, வேல போனா போவட்டும்ங்கிறியா?"

"போவாதுண்ணே."

திரும்பும் வழி முழுக்க, குலுங்கும் சீட்டில் லேப்டாப்பை முட்டியால் பிடித்துக்கொண்டு எழுதினாள். மாற்ற வேண்டியிருந்தது சில வரிகள்தான். கடலூரில் இறங்கியதும் அதைச் சர்வரில் ஏற்றினாள்.

சாயங்காலம் முதலாளி திரைக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செம்பியன் வண்டி சிதம்பரத்தில் நின்றது. ராஜவேல் விடவில்லை, செம்பியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆபீஸ் முழுக்கப் பாட்டு கேட்டது. எல்லாரும் வடலூர் வண்டியையே பார்த்தார்கள். பாட்டின் சரணம் முடிந்தது. வண்டி ஒரு வளைவைக் கடந்தது. பின்னாலேயே திருவந்திபுரம் வண்டி பாலத்தை விட்டு இறங்கியது.

ராஜவேல் போனை அணைக்கப் போனார். முதலாளி கையைக் காட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும்யா. நல்ல பாட்டு." ஷாசியாவின் பக்கம் திரும்பினார். "கழட்ட வேணாம். என்னாம்மா பண்ண?"

அவள் ஒரு காகிதத்தை இழுத்து வாசல் ஒன்றை வரைந்தாள். யாராவது இணைய வருகிறார்களா என்று காது கொடுத்து நிற்கும் சாக்கெட், அதாவது சர்வரின் இணைப்பு முனை, அதுதான் அந்த வாசல். அது 'அக்செப்ட்', அதாவது 'உள்ளே வா', என்றதும் வந்த வண்டிக்கென்று புதிதாக ஒரு சாக்கெட் கிடைக்கிறது. முன்பு அந்த வண்டி பேசும்வரை வாசலே காத்திருந்தது. இப்போது அக்செப்ட் செய்ததும் அந்தப் புதுச் சாக்கெட்டை, ஹோட்டல் சப்ளையர் மாதிரி தனியாக வேலை பார்க்கும் த்ரெட் ஒன்றிடம் கொடுத்துவிட்டு, வாசல் உடனே அடுத்த அக்செப்டுக்குத் திரும்பிவிடுகிறது. பேசாத வண்டிக்காக அந்த த்ரெட் மட்டும் கொஞ்ச நேரம் காத்திருக்கும். கெடு முடிந்தால் இணைப்பைத் துண்டிக்கும். கருவி இடம் தெரிந்ததும் மறுபடி வந்து இணைந்துகொள்ளும்.