மரியாதை இல்லாமல் கூப்பிடு

தீவிர சிகிச்சைப் பிரிவின் எட்டாம் படுக்கையில் கிடந்தவரை, கொரியாவின் ஆண்டோங் நகரத்தில் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் கிடையாது. பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அவர் எல்லோருக்கும் தலைமையாசிரியர் ஐயாதான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோய்ச் சரிந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அழுத்தி இதயத்தை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். கண்தான் திறக்கவில்லை. மூளையைக் காக்க உடம்பைக் குளிர வைத்தார்கள், பிறகு மெல்லச் சூடேற்றினார்கள், மயக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. மனிதர் அப்படியே கிடந்தார்.

மூளை விழிக்குமா என்று பார்த்துச் சொல்வது யாங் ஹேரிமின் வேலை. நரம்பியல் பயிற்சி மருத்துவர். நோயாளியின் தலை முழுக்க ஒயர் ஒட்டி, மூளையின் மின் அலையை இரவும் பகலும் காட்டும் ஈ.ஈ.ஜி. திரையைப் படிப்பாள். அலை தானாக எப்படி ஓடுகிறது என்பது ஒரு பாதி. கூப்பிட்டால், கை தட்டினால், நகத்தை அழுத்தி வலி கொடுத்தால் அது மாறுகிறதா என்பது மறு பாதி. மாறினால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று நம்பலாம். மாறாவிட்டால் நம்பிக்கை குறையும்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இரண்டுங்கெட்டானாக வந்திருந்தன. ஆகவே எல்லோரும் ஹேரிமின் அறிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று அவள் எழுதிக் கொடுத்தது இரண்டே வார்த்தை: எதிர்வினை இல்லை. நாளைக் காலை குடும்பத்தை உட்கார வைத்து, சுவாச இயந்திரத்தைத் தொடர்வதா என்று பேசப்போகிறார்கள்.

இன்று மதியம் பழைய பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். நர்ஸ் தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சிய நேரம் அது. இருமலில் கோடுகள் தாறுமாறாகக் குதித்திருந்தன. அதைத் தசை அசைவு என்று நேற்றே ஒதுக்கிவிட்டாள். ஆனால் இருமல் அடங்கிய பிறகும் அலை பழைய தூக்கத்துக்குத் திரும்பவில்லை. சற்று நேரம் வேகமாக ஓடி, பிறகுதான் தணிந்தது.

வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி, தான் சோதித்த இடத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே உடம்பு கூசியது. படுக்கைப் பக்கம் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். "தலைமையாசிரியர் ஐயா, சிரமம் பாராம கொஞ்சம் கண்ணைத் திறக்குறீங்களா?" பழம் கனிந்ததா என்று பார்ப்பதுபோல நகத்தைத் தொடுகிறாள். பின்னால் அவருடைய மனைவியும் மூத்த மகனும் கைகட்டி நிற்கிறார்கள்.

இது அவள் சுபாவமே இல்லை. லாரிக்காரர்களுக்குச் சூப் ஊற்றும் கடையில் பிறந்து, அடுப்புச் சத்தத்துக்கு மேலே கத்தியே வளர்ந்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போன மாதம் ஒரு பெரியவரை இப்படிச் சோதிக்கையில் தோளைக் கிள்ளி, பெயர் சொல்லிக் கத்திவிட்டாள். அந்த வீட்டார் புகார் கொடுத்தார்கள். பேராசிரியர் தோ அவளை அழைத்துப் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். "படிப்பு வந்தா போதாது, பணிவும் வரணும்" என்றார். வந்துவிட்டது பணிவு. ஒரு மனிதனைச் சாகக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், எட்டாம் படுக்கைக்கு நான் எழுதினது தப்பு."

"மெஷின்ல கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நான் மரியாதையா நடந்துக்கிட்டேன்."

தோ கண்ணாடியைக் கழற்றினார். "உன் மேல இப்படி ஒரு புகார் வரும்னு நான் கனவுலகூட நினைக்கல."

"சிரிக்காதீங்க சார். நீங்க சொல்லித்தான் செஞ்சேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வீடியோவை ஒருமுறை, சளி உறிஞ்சிய இடத்தை இரண்டுமுறை பார்த்தார். "நான் சொன்னது வராந்தாவுக்கு. படுக்கைக்கு இல்ல. அதை நான் பிரிச்சுச் சொல்லியிருக்கணும். வா, நானும் வரேன்."

மூத்த மகன் மேங் ஜுன்ஹோ விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தார். "எங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறீங்களா? எங்க பெரியப்பா போனதுக்கப்புறம் அவரைப் பேர் சொல்லுற வயசு இந்த ஊர்ல யாருக்கும் இல்ல."

"வயசு எனக்கும் இல்லைங்க. ஆனா வேலை என்னோடது."

"அதுக்குன்னு ஒரு சின்னப் பொண்ணு..."

"கூப்பிடட்டும்டா" என்றாள் அவருடைய அம்மா. இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் உரத்த பேச்சு. "நேத்து இவ கூப்பிட்ட லட்சணத்துக்கு நானா இருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டேன்."

தோ திரையருகே நின்றார். ஹேரிம் கையுறையை இழுத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"மேங் துசிக்!"

பக்கத்துப் படுக்கை நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கோடுகள் ஆடின. அடங்கின.

பேனாவை நகத்தின் மேல் வைத்து, தன் விரல் வெளுக்கும்வரை அழுத்தினாள். "மேங் துசிக்! எந்திரிடா!"

ஜுன்ஹோ கண்ணை மூடிக்கொண்டார். தோ மூடவில்லை. திரையில் சோம்பலாக எழுந்து விழுந்துகொண்டிருந்த அலை நெருங்கியது, வேகம் பிடித்தது, அழுத்தியதை விட்ட பிறகும் ஓடியது. இன்னொரு கையிலும் செய்தாள். அங்கேயும் அதேதான்.

"மாறுது" என்றார் தோ. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "எந்திரிச்சிடுவார்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நாளைக்குப் பேச வேண்டிய பேச்சு வேற. காத்திருப்போம்."

அவள் தலையாட்டினாள். பிறகு ஹேரிமின் சட்டைக் கையைப் பிடித்து, "டாக்டரம்மா, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா. திட்டணும்னாலும் திட்டுங்க."

"ஏங்க!" அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. "வருஷா வருஷம் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் மூட்டை நான் ஒருத்தியாத் தூக்குறேன். நீங்க உப்பு கம்மின்னு மட்டும் சொல்லுவீங்க. இந்த வருஷம் நீங்கதான் தூக்கணும், கேட்டுதா?"

"கேட்டுடுச்சும்மா" என்றாள் ஹேரிம், திரையைப் பார்த்தபடி.

அடுத்த சில நாட்கள் குடும்பம் முறை வைத்துக் கத்தியது. ஜுன்ஹோவுக்கு மட்டும் வாய் வரவில்லை. ஒரு காலை ஹேரிம் உள்ளே நுழைந்தபோது, அவர் படுக்கையருகே நின்று, "அப்பா, அப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன குரல் இது? வீட்டுப் படையல்ல முன்னோருக்குச் சோறு வச்சுட்டுக் கூப்பிடுற குரல். செத்தவங்களுக்குத்தான் அது. இவரு உயிரோட இருக்காரு."

ஜுன்ஹோவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல், அப்படியே திருப்பி அப்பாவின் மேல் கொட்டினார். "மேங் துசிக்!"

சொன்ன வேகத்தில் அவரே ஓரடி பின்வாங்கினார்.

படுக்கையில் இரண்டு புருவமும் மெல்ல நெருங்கின. நடுவில் ஒரு கோடு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கோட்டைக் கண்டால் அசெம்பிளி வரிசை முழுக்க மூச்சை அடக்கும் என்று ஊரே சொல்லும். பிறகு இமை விலகியது. கலங்கிய கண் அங்குமிங்கும் தேடி, மகன் முகத்தில் வந்து நின்றது.

"ம... மன்னிச்சிடுங்கப்பா" என்றார் ஜுன்ஹோ, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி, விறைப்பாக நின்றுகொண்டு.

"மன்னிப்பெல்லாம் அப்புறம்" என்றாள் ஹேரிம். "இன்னொரு தடவை திட்டுங்க."