ரொட்டிக்குப் படாத புகை

ரொட்டித் தட்டுகளை ஏற்றி முடிப்பதற்குள் நெட்டையின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுப்பறையிலிருந்து பின்வாசல் வரை, ரொட்டியைப் பொட்டலம் கட்டும் பேக்கிங் அக்கா தட்டுகளைத் தள்ளிக்கொண்டு வருவாள். அங்கிருந்து பிக்கப் வண்டிக்குள் தூக்கி அடுக்குவதும், பிறகு கடை கடையாகக் கொண்டுபோய் இறக்குவதும் அவன் வேலை. ஆறடிக்கு மேல் உயரம். கூரையில் தலை இடிக்காமலிருக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் ஓட்டுவான். முதலாளி முன்னால் நிற்கும்போதும் அதே கோலம்தான். "வண்டி அளவுக்கு ஆளை மடிச்சு வச்சிருக்கேன்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வண்டி பழையது, பெட்ரோலில் ஓடுவது. கொஞ்ச நாளாக அதன் என்ஜின் விளக்கு அணையாமல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மேட்டில் இழுக்கவும் இல்லை. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, புகையைச் சுத்தம் பண்ணும் கன்வர்ட்டர் டப்பா அடைத்துப்போயிருக்கிறது, புதிதுதான் போட வேண்டும் என்று விலையைச் சொன்னார். வேலைக்காரன் முன்பணம் கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி முதலாளி வண்டியைப் பார்த்தார்.

மறுநாள் மச்சினன் வந்தான். முதலாளி மனைவியின் தம்பி. மூன்று தொழில்களை அக்கா நகையில் ஆரம்பித்து அக்கா நகையோடு முடித்தவன். இப்போது நாலாவதாகக் கார்களுக்கு மினுக்கு விளக்கு, சீட் உறை, சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் மாட்டித் தரும் கடை வைத்திருந்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"புதுசு எதுக்கு மாமா? அந்த டப்பாவை வெட்டிட்டு நேரா ஒரு குழாய் போட்டாப் போச்சு. வண்டி நல்லா மூச்சு விடும். இழுவை கூடும், பெட்ரோல் மிச்சம். பசங்க இதுக்குன்னு என் கடையில வந்து காசைக் கொட்டறாங்க. உங்களுக்கு நான் சும்மாவே பண்ணித் தரேன்."

'சும்மா' என்ற சொல்லுக்கு முதலாளி மயங்காத நாள் கிடையாது.

நெட்டைதான் வண்டியை மச்சினன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனான். தீப்பொறி பறக்க வெட்டினார்கள். டப்பா கீழே விழுந்ததும் மச்சினன் அதைத் தானே எடுத்துச் சாக்கில் சுற்றித் தன் கார் டிக்கியில் வைத்தான்.

"அடைச்சுப்போன டப்பா எதுக்கு சார்?" என்றான் நெட்டை.

"குப்பையில போடத்தான்."

குப்பைத் தொட்டி கடை வாசலிலேயே இருந்தது. டப்பாவுக்குள் விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது, அதை எடைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று கடையில் வேலை செய்தவன் பிற்பாடுதான் சொன்னான்.

சாவியைத் திருப்பியபோது விளக்கு மறுபடியும் எரிந்தது.

"லைட்டு இன்னும் எரியுதே சார்?"

"லைட்டுதானே எரியுது, வண்டியா எரியுது?" மச்சினன் முன்சீட்டில் கிடந்த ஒரு லேபிளை எடுத்தான். ரொட்டிப் பொட்டலத்தில் ஒட்டுவது, 'இன்று சுட்டது' என்று அச்சடித்தது. அதன் முதுகை உரித்து விளக்கின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் நீவிவிட்டான். "இப்ப எரியுதா?"

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருவில் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டைக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சிக்னலில் நின்றபோது தேவையே இல்லாமல் ஒருமுறை ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிட்டான். பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

சந்தோஷம் ரொட்டி திரும்பி வரும் வரைக்கும்தான். புதிய குழாய் பின்பக்கம், தட்டுகளை அடுக்கும் பெட்டியின் கதவுக்கு நேர் கீழே முடிந்தது. புகை கதவிடுக்கு வழியாக உள்ளே ஏறியது. முதலில் ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அடுத்தவர் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தார். "வாயில வச்சா லாரிக்குப் பின்னால நிக்கற மாதிரி இருக்குய்யா. எடுத்துட்டுப் போ."

முதலாளி ஒரு துண்டைப் பிட்டு மென்றார், துப்பினார், அன்று சாயங்காலமே மச்சினனை வரவழைத்தார். நெட்டை அவரை அத்தனை பதறிப் பார்த்ததில்லை. அடுப்பில் வேலை செய்தவர் கை வெந்தபோதுகூட முதலாளி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

மச்சினன் ஆளோடு வந்தான். பெட்டியின் இடுக்குகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தார்கள். கதவைச் சுற்றி இரட்டை வரிசை. பிறகு வண்டிக்கடியில் படுத்து, நீளக் குழாயைப் பாதியில் வெட்டினார்கள். புகை இனிப் பெட்டிப் பக்கமே போகாது.

நெட்டை குனிந்து பார்த்தான். குழாயின் வாய் அவன் சீட்டுக்குக் கீழே நின்றது.

"சார், இது எனக்கு நேர் கீழதானே நிக்குது? காலடியில தகடு வேற துருப்பிடிச்சு ஓட்டையா இருக்கு."

"அதுக்கு மேல மேட் போட்டிருக்குல்ல?" என்றான் மச்சினன்.

"மேட்ல புகை நிக்காது சார்."

முதலாளி கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ரொட்டியை ஜனங்க திங்கறாங்க. உன்னை யாருய்யா திங்கப் போறாங்க?"

மச்சினன் சிரித்தான். அவன் ஆள் சிரித்தான். அடுப்பறை வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி நெட்டையும் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒரு ரொட்டிகூடத் திரும்பி வரவில்லை.

நெட்டைக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. பாதிச் சுற்று முடிவதற்குள் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்குவதுபோல் இருக்கும். பிறகு வயிற்றைப் புரட்டும். மனைவி கட்டிக் கொடுத்த சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்று வீங்கிய காலோடு வந்து மூடியைத் திறந்து பார்ப்பாள்.

"என் சமையல் அவ்வளவு மோசமாப் போச்சா?"

"தலை வலிச்சுது. சாப்பிட முடியல."

"நேத்தும் அதான் சொன்னீங்க. முந்தாநேத்தும் அதான். லீவு நாள்ல மட்டும் நல்லாச் சாப்பிட்டீங்களே. அன்னிக்கு உங்க தலைவலிக்கும் லீவா?"

அவள் சோற்றைக் கொட்டப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்த வண்டிதானே?"

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"எப்படிச் சொன்னீங்க? சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

அவன் தோளைக் குறுக்கி, கைகளைக் கோத்துக்கொண்டு, "முதலாளி, கொஞ்சம் தலைவலியா இருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நல்லாருக்கு. இதைக் கேட்டா சில்லறையத் தேடித்தான் எடுத்துக் குடுப்பாரு. கடவுள் அத்தனை உயரம் குடுத்தாரு, அதை அந்தாள் முன்னால கழட்டி வச்சுட்டு நிக்கறீங்க."

மறுநாள் அவன் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னான். வண்டிக்குள்ளே புகை வருகிறது, குழாயைப் பக்கவாட்டில் திருப்பிவிடச் சொல்லுங்கள் என்றான். முதலாளி கல்லாவை இழுத்தார். சில்லறை எடுக்கவில்லை, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"நானும்தான் தினம் கார் ஓட்டறேன். எனக்கு வலிக்குதா? கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு, காத்து வரும்."

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினான். பிறகு மழை வந்தது. விட்டுவிட்டுப் பெய்யாமல் நாள் கணக்கில் ஊற்றியது. சாரல் பட்டுப் பில்லும் முன்சீட்டு லேபிள் கட்டும் நனைந்துபோகிறதென்று முதலாளியே கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

அன்று பாலத்தடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நகரவில்லை. நெட்டை என்ஜினை ஓடவிட்டபடி வரிசையில் நின்றான். முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் இரண்டும் நாலாகத் தெரிந்தன. வரிசை நகர்ந்தபோது அவன் கால் எதை மிதிக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டி நடைபாதை ஏறி, பூட்டிக் கிடந்த கடையொன்றின் படியில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. பெட்டிக் கதவு திறந்துகொண்டு தட்டுகள் சேற்றில் கொட்டின.

அவன் இறங்கினான். முழங்கால் மடிந்து, அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

"காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்றது குடைக்கடியிலிருந்து ஒரு குரல். ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். ரொட்டியை மிதிக்காமல் தள்ளி நின்று எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் படம் அவர் போனுக்கு வந்திருந்தது.

"நான் தொட்டதே இல்ல முதலாளி" என்றான் நெட்டை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். "ஊதிக் காட்டறேன். மோந்து பாருங்க."

முதலாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார். "உன் வாயை மோந்து பாக்கறதுதான் எனக்கு மிச்சம் இருக்கிற வேலையா? சாவியைக் குடு."

மனைவி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், எப்போதெல்லாம் வலிக்கிறது என்று கேட்டார், இமையை இழுத்துப் பார்த்தார். புகைதான் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்கிற புகை அது, அந்த வண்டியில் இனி ஏறாதே என்றார். ஏறு என்று சொல்லத்தான் ஆளில்லை. தண்ணீர் கேன் போடும் கம்பெனியில் கேட்டான். பள்ளிக்கூட வேனுக்குக் கேட்டான். இரண்டு இடத்திலும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். அவன் லைசென்ஸ் முதலாளியிடமே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டது.

அதை வாங்க அவள்தான் போனாள். நெட்டை வருகிறேன் என்றான். "நீங்க வந்தா அந்தாளுக்கு வணக்கம் வச்சுட்டு வந்துடுவீங்க. வீட்டுலயே இருங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதலாளி கல்லாவில் இருந்தார். லைசென்ஸைத் தேடி எடுப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மேஜைமேல் விரலால் சுண்டிவிட்டார். அது அவள் பக்கம் சறுக்கிக்கொண்டு வந்தது.

"அவருக்குக் குடி கிடையாது. புகைன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் அவள்.

"டாக்டர் ரொட்டிக் கடை வச்சிருக்காரா?"

"அந்த வண்டியில நீங்க ஒருதடவை ஏறி, கண்ணாடியை மூடிக்கிட்டு உக்காந்து பாருங்க. டீ ஆறுற நேரம் போதும்."

"எனக்குக் கார் இருக்கும்மா." அவர் அவளைப் பார்க்காமல் நோட்டுக்கட்டுக்கு ரப்பர் மாட்டினார். "புது டிரைவர் வந்துட்டான். அவன் ஒரு வார்த்தை சொல்லல. உன் வீட்டுக்காரருக்குத்தான் உடம்பு ராஜா உடம்பு."

"அவன் எப்படிச் சொல்லுவான்? சொன்னவரு கதியப் பாத்துட்டுத்தானே உள்ள வந்திருக்கான்."

"போம்மா. ஏவாரம் பண்ற நேரம்."

அவள் லைசென்ஸை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். மழை இன்னும் விடவில்லை. வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. மோதி நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி வெள்ளை அடித்திருந்தார்கள். பெட்டிக் கதவு மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர்கள் மறுபடி குறை சொல்லக் கூடாதென்று முதலாளி புதிதாக ஒரு உத்தரவு போட்டிருந்தார். பேக்கிங் அக்கா பெட்டிக்குள் குனிந்து, ஒவ்வொரு தட்டாக வெளியே இழுத்து, ரொட்டிமேல் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். சந்தேகம் வந்த ஒரு ரொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி மோந்தாள். முன்னால், ஏற்றிவிட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புது டிரைவர் ஸ்டியரிங்மேல் முழங்கைகளை ஊன்றி, இரண்டு கட்டைவிரலாலும் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டு, அக்கா மோந்து முடிப்பதற்காகக் காத்திருந்தான்.